பன்னிரண்டாம் எண்

மார்ச் 4

என் அமுக்குணிக்கு,

பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னவள் வீட்டுக்கா போவாய்? விமான நிலையத்தில் நாற்பது நிமிஷம் பெண்கள் கழிப்பறை வாசலில் நின்று ஒவ்வொரு கதவாகத் தட்டினேனடி. உள்ளே இருந்த ஒருத்தி திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம்தான் உன் செய்தி வந்தது. “கடைக்கு ஆள் வேண்டும். நீ போய் வா.” என்ன கடை? ‘மூன்று மாதம் விடுமுறை’ என்று பலகை எழுதி நம் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் மாட்டியதே நீதானே!

பதினாறு தடவை போன் அடித்தேன். பதினேழாவது தடவை மாப்பிள்ளை எடுத்து, “அவ கடையில இருக்கா” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த மனுஷர் என்றைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசியிருக்கிறார்? அதனால்தான் எழுதுகிறேன். நன்றாகத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அடியே, மணல்!

மணல் என்றால் கரையில் கிடக்கிற மணல் இல்லை. மேடு மேடாக, அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்றே தெரியாத மணல். நேற்று ஒரு மேட்டின் உச்சியில் ஏற்றி, ஆளுக்கு ஒரு பலகையைக் கொடுத்து, “உட்காருங்க, வழுக்கிட்டுப் போங்க” என்றார்கள். ஐம்பத்திரண்டு வயசில் நான் கத்திய கத்தலில் ஒட்டகங்கள் எழுந்து நின்றன! கீழே போய்ச் சேர்ந்ததும் வாயெல்லாம் மணல். எழுந்து, திரும்ப மேலே ஏறினேன். ஐந்து தடவை, தெரியுமா? சிரிப்பு நிற்கவில்லை.

எங்கள் வழிகாட்டி அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். சின்னக் குழு, மொத்தம் பன்னிரண்டு பேர் என்பதால் அவள் தலையை எண்ணுவதில்லை. விசில் ஊதினால் அவரவர் எண்ணை அவரவர் கத்த வேண்டும். ஏழு ஒரு பல் டாக்டர். பத்து ஒரு ரொட்டிக் கடைக்காரர். நான் பதினொன்று. நீ பன்னிரண்டு. நீ இல்லையென்று விட்டுவிடுவேனா? “பதினொன்று!” என்று என் குரலில் கத்திவிட்டு, உடனே உன்னைப் போலக் கீச்சுக் குரலில் “பன்னிரண்டு” என்று முனகுகிறேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். விசிலும் சிரித்துவிட்டு அட்டையில் டிக் போட்டுவிடுகிறாள்.

உன் பையை அன்றைக்கே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். உன் புது பூட்ஸ் மட்டும் உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தத் தேதியில் எந்த ஓட்டல் என்ற பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏன் போனாய் என்று ஒரு வரியாவது எழுது.

அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. விடுமுறைப் பலகையைக் கழற்றிவிட்டுக் கடையைத் திறந்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷமாக நீ முன்னால், நான் பின்னால். நீ பேசி விற்பாய், நான் உள்ளறையில் லென்சைத் தேய்த்து பிரேமில் பொருத்துவேன். இப்போது முன்னாலும் நான்தான். முதல் நாள் ஒருவர் ஒரு பிரேமை மாட்டிக்கொண்டு “எப்படி இருக்கு?” என்று கேட்டார். நீ எல்லாருக்கும் சொல்வது போல “சூப்பரா இருக்கு” என்று சொல்ல வாய் வரவில்லை. “நல்லா இல்லைங்க. உங்க மூக்குக்கு நிக்காது” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, “அப்ப எது நிக்கும்?” என்றார். அன்று அவர் வீட்டில் எல்லாருக்கும் எடுத்துப் போனார்.

போனில் பேசச் சொல்கிறாய். போனில் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் மீதியை நீ முடித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் அது முடியாது. ஆகவே எழுது, நானும் எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று. என் எண்ணை நீ சொல்லாதே.

தங்கை

மார்ச் 22

என் அமுக்குணியே,

எண்ணைச் சொல்லாதேயாம்! நான் சொல்லாவிட்டால் வேறு யாரடி சொல்லுவார்கள்? பள்ளிக்கூடத்தில் உனக்கு ‘உள்ளேன்’ சொன்னது யார்? பெண் பார்க்க வந்த அன்று, “பொண்ணுக்குச் சம்மதமா?” என்று கேட்டபோது நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். சம்மதம் என்று சொன்னது யார்? மாப்பிள்ளை நல்லவராகத்தானே அமைந்தார்?

அதை விடு. முந்தாநாள் மணல் காற்று அடித்தது! பக்கத்தில் இருந்த ஒட்டகம் தெரியவில்லை. எல்லாரும் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு, குப்புறக் கிடந்தோம். அரை மணி நேரம். உயிரே போய்விட்டது என்று நினைத்தேன். காற்று நின்றதும் தலையைத் தூக்கிப் பார்த்தால் எங்கள் முன்னால் இருந்த மேட்டையே காணோம், வேறு இடத்தில் இருக்கிறது! விசில் ஊதினாள். ஒவ்வொருவரும் மணலைத் துப்பிக்கொண்டே எண்ணைச் சொன்னார்கள். பத்து வந்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் மொத்தக் கூட்டமும் சேர்ந்து, “பதினொன்று, பன்னிரண்டு!” என்று கத்தியது. இப்போதெல்லாம் அப்படித்தான். நம் இரண்டு பேரையும் அவர்களே சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு பிரியம்.

இங்கே எல்லார் கண்ணாடிக்கும் நான்தான் வைத்தியர். மணல் போய் கீல் எல்லாம் இறுகிக்கொள்கிறது. நல்ல வேளை, கடையிலிருந்து சின்னத் திருப்புளியைக் கைப்பையில் போட்டு வந்தேன்.

இப்போது நல்ல செய்தி. அடுத்த பயணம் ஆற்றில். பதினாலு நாள் படகில். உன் இடம் அப்படியே இருக்கிறது. நீ ஏப்ரல் ஐந்தாம் தேதி வந்து சேர்ந்துகொள்வாய் என்று விசிலிடம் சொல்லிவிட்டேன். அவளும் எழுதிக்கொண்டாள். படகில் உனக்கு என் பக்கத்து இடம். கிளம்பி வா!

அக்கா

மார்ச் 30

அக்காவுக்கு,

நான் வரவில்லை. வருவேன் என்று நான் சொல்லவே இல்லை, நீதான் சொல்லியிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

மணல் விளம்பரத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்துக்கு மேலே ஒட்டி வைத்தது யார்? நான். இரண்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே தேய்த்தேன். ஒரு நாள் நீ உள்ளே வந்து, “ஐ, நல்லாருக்கே, போலாமா?” என்றாய். அன்று சாயங்காலமே அது உன் பயணமாகிவிட்டது. பரவாயில்லை, எப்படியோ போகிறோம் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

விமான நிலையத்தில் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, யார் நீங்கள், எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? அது இருக்கும் என்று அவர்கள் அனுப்பிய காகிதத்திலேயே போட்டிருந்தது. நான் ஒரு வாரம் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். “நான் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துறவ. நாள் முழுக்க என் கண்ணு ஒரு ஜாண் தூரத்துக்கு மேல பார்க்கிறதில்ல. பார்வை முட்டாத ஒரு இடத்தைப் பார்க்கணும்.” இவ்வளவுதான். வீட்டில் அவர் முன்னால்கூடச் சொல்லிக் காட்டினேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

உன் முறை வந்தது. நீ பத்து நிமிஷம் பேசினாய். முடித்ததும் என் தோளில் கையைப் போட்டு, “இவ என் தங்கச்சி. வாயே திறக்க மாட்டா, சரியான அமுக்குணி. சும்மா எனக்குத் துணைக்கு வர்றா” என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த அம்மா அட்டையை மூடிவிட்டு, “சரி, கிளம்பலாம்” என்றார். என் முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை.

உன் கைப்பை, உன் தொப்பி, உன் தங்கை. என் பையும் சேர்ந்து உன்னோடு போய்விட்டது என்று எழுதியிருந்தாய். போகட்டும், அதற்கு வாய் கிடையாது.

முந்திரிக்கொட்டை மாதிரி எல்லாவற்றிலும் முந்திக்கொள்வதற்குப் பெயர் பாசம் என்றால், எனக்கு அது வேண்டாம் அக்கா. இதைக் கிழிக்காமல் தபாலில் போடுவேன்.

தங்கை

ஏப்ரல் 11

தங்கைக்கு,

உன் கடிதம் ஆற்றங்கரை ஓட்டலில் காத்திருந்தது. படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு மூன்று பதில் எழுதினேன். ‘இதுக்குப் போயா?’ என்று ஆரம்பித்தது ஒன்று. மூன்றையும் கிழித்துவிட்டேன். கிழித்ததற்குக் காரணம் நான் நல்லவள் என்பதில்லை. நடுவில் ஒன்று நடந்தது.

முதலில் ஆற்றைச் சொல்லாமல் என்னால் முடியாது. ரப்பர் படகு, ஆளுக்கு ஒரு துடுப்பு. பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. படகு மூக்கைத் தூக்கி நிற்கிறது, பிறகு தொப்பென்று விழுகிறது. ஒரு சுழலில் ரொட்டிக் கடைக்காரர் தண்ணீருக்குள் போய், துடுப்பை விடாமல் அந்தப் பக்கம் வந்தார்! வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “இன்னொரு தடவை போலாமா?” நாங்கள் எல்லாரும் பைத்தியம் பிடித்த மாதிரி கத்தினோம்.

நாலாம் நாள் நடு ஆற்றில் ஒரு மணல் திட்டில் இறங்கி மத்தியானம் சாப்பிட்டோம். கிளம்பும் நேரத்தில் பல் டாக்டர் கண்ணாடியின் ஒரு பக்கக் கால் கையோடு வந்துவிட்டது. திருகு விழுந்துவிட்டது. கடுகளவு திருகு, உனக்குத் தெரியாததா? “இருங்க டாக்டர், சாப்பிட்ட இடத்துலதான் கிடக்கும்” என்று சொல்லிவிட்டுப் பாறைக்கு அந்தப் பக்கம் ஓடினேன். முட்டி போட்டு, மூக்கு மணலில் படத் தேடினேன். விசில் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் கேட்டன. நம் முறை வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். டாக்டர் “ஏழு” என்று கத்தினார். பத்து கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் எல்லாரும் சேர்ந்து சந்தோஷமாக, “பதினொன்று, பன்னிரண்டு!”

அவ்வளவுதான். இரண்டு படகும் போய்விட்டன. நான் ஒரு படகில் இல்லையென்றால் இன்னொன்றில் இருப்பேன் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

பாறைக்கு இந்தப் பக்கம் வந்தபோது திட்டு காலியாக இருந்தது. கரையோரம் ஓடிக்கொண்டே, “பதினொன்று! பதினொன்று இங்க இருக்கேன்!” என்று கத்தினேன். தண்ணீர் போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எவ்வளவு கத்தி என்ன? அட்டையில் எனக்கு டிக் விழுந்தாயிற்று. நான் அந்தப் படகில் இருக்கிறேன். சிரித்துக்கொண்டு, துடுப்பு போட்டுக்கொண்டு, எல்லாரோடும் போய்க்கொண்டிருக்கிறேன். இங்கே நிற்கிறவளை யாருக்கும் தேவையில்லை.

நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேசுவதற்கு ஒருவரும் இல்லாமல் நான் நாலு மணி நேரம் இருந்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. மூன்று தடவை படித்தேன். இருபத்திரண்டு வருஷமாக உன்னை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டு, உன் பெயருக்கு நானே டிக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர்களாகவா திரும்பி வந்தார்கள்? டாக்டர்தான், “என் திருகு எங்க?” என்று என்னைத் தேடியிருக்கிறார். விசில் ஒரு மோட்டார் படகிலிருந்து குதித்து ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அன்றிலிருந்து அவரவர் எண்ணை அவரவர்தான் சொல்ல வேண்டும், இன்னொருவருடையதைச் சொன்னால் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று சட்டம்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

அக்கா

ஏப்ரல் 19

அக்கா,

கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். “கரையோரம் ஓடிக்கொண்டே” என்ற இடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கண் சோதிக்க வந்த டீச்சர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நீ உயிரோடு உட்கார்ந்து எழுதிய கடிதம்தான் என் கையில் இருக்கிறது என்பது மண்டையில் ஏறப் பத்து நிமிஷம் ஆனது.

உனக்கு அறிவு இருக்கிறதா? ஒரு திருகுக்காக ஆற்றின் நடுவில் போய்த் தேடுவாயா? கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து பார். மாத்திரை டப்பாவில் நாற்பது திருகு போட்டு வைத்திருக்கிறேன். கிளம்புவதற்கு முதல் நாள் நானே வைத்தது. அதை உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன், நீ வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டாய்.

இரவு வீட்டில் அவரிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “கிடைச்சுதா?” என்றார். எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். திருகு கிடைத்ததா?

உங்கள் அடுத்த பயணமான பனி மலைக்கும் நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. கடையில் இப்போது எனக்குப் பேச வருகிறது, அக்கா. இன்று ஒரு கல்யாணப் பெண்ணிடம் அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்த பிறகுதான் கவனித்தேன், உன்னைப் போலவே கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது. இது இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும்.

நீ போ. கயிற்றை இறுக்கமாகக் கட்டிக்கொள். மன்னிப்பைப் பற்றி நேரில் பேசலாம், நான் முதலில்.

தங்கை

மே 2

தங்கைக்கு,

கிடைத்தது! விரல் நகத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. நான் திட்டு முழுக்கத் தேடியதெல்லாம் வீண். உன் நாற்பது திருகையும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், போ.

மலை! இதை எப்படி எழுதுவேன்? வெள்ளை என்றால் என்ன என்று எனக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பல்லைக் கட்டிக்கொண்டு, எல்லாரையும் ஒரே கயிற்றில் கோத்து, பனிமேல் நடத்துகிறார்கள். இன்று ஒரு பிளவைத் தாண்டினோம். கீழே எட்டிப் பார்த்தால் நீலமாக இறங்கிக்கொண்டே போகிறது. அதன்மேல் ஒரு ஏணியைக் கிடத்தி, “வாங்க” என்கிறார்கள்! என் கால் முதல் படியில் ஒட்டிக்கொண்டது. முன்னால் ரொட்டிக்காரர் திரும்பி, “கீழ பார்க்காதீங்க, என் முதுகைப் பாருங்க” என்றார். அந்த முதுகில் இருந்த ஒவ்வொரு தையலும் எனக்கு மனப்பாடம். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் குதித்த குதியில் விசில் பயந்துபோய், “பனி உடைஞ்சிரும், குதிக்காதீங்க!” என்று கத்தினாள்.

அந்த இடத்தில்தான் எண்ணிக்கை நடந்தது. பத்து என்றார் ரொட்டிக்காரர். நான் பதினொன்று என்றேன். அப்புறம், இத்தனை நாள் பாத்திரம் கழுவியும் போகாத பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. கையுறையோடு என் வாயைப் பொத்திக்கொண்டேன். விசில் நிஜமாகவே உனக்காகக் காத்திருப்பவள் போல ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு, அட்டையில் ‘வரவில்லை’ என்று எழுதினாள். மூன்று பயணத்திலும் இன்றைக்குத்தான் நீ எங்களோடு இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

பிறகு நானே வட்டமாக நிற்கச் சொன்னேன். “ஏர்போர்ட்ல நான் ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். என் தங்கச்சி எனக்குத் துணைக்கு வரல. மணல் பார்க்கணும்கிறது அவ ஆசை. அவளுக்குத் துணைக்கு வந்தது நான்தான்” என்றேன். டாக்டர் கேட்டார், “அப்ப அவங்க என்ன சொல்லியிருப்பாங்க?” உன் அலமாரிக் கண்ணாடி வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிவிட்டேன். “அது அவ சொல்ல வேண்டியது” என்றேன். எனக்கு ஏணியைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது, சத்தியமாக.

அக்கா

மே 9

அக்கா,

சட்டென்று எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறது.

நேற்று பயணக் கம்பெனிக்குப் போனேன். தனியாக. அவர் வாசல் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, “நான் உள்ள வரலை” என்றார். அந்த மனுஷருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு குழு கிளம்புகிறது. மொத்தம் பத்தே பேர். புகைந்துகொண்டிருக்கிற எரிமலையின் விளிம்பு வரைக்கும் ஏற்றி, அடுத்த பக்கம் கறுப்பு மணலில் வழுக்கி இறங்கவிடுகிறார்களாம்! மேஜையில் இருந்த பெண், “எதைப் பார்க்கணும்னு வர்றீங்க?” என்று கேட்டாள். கேட்டது அவள் தப்பு. பழகி வைத்த மூன்று வாக்கியத்தையும் சொன்னேன், அதோடு நிறுத்த முடியவில்லை. இயந்திரம், விளம்பரம், நீ, ஆறு, திருகு எல்லாம் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். “இருங்க சார், இன்னும் முடியல” என்று அவரிடமும் சொன்னேன். நான்தான் சொன்னேனா என்று இப்போதும் நம்ப முடியவில்லை.

என் எண் ஒன்பது. கம்பெனியிலிருந்து வீடு வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பத்தாவது இடம் இன்னும் காலி. மே இருபத்துமூன்று வரைக்கும்தான் வைத்திருப்பார்களாம். “உங்க அக்கா பேரை எழுதிக்கட்டுமா?” என்று அந்தப் பெண் கேட்டாள். “அவங்களுக்கு வாய் இருக்கு, வேணும்னா அவங்களே சொல்லுவாங்க” என்றேன்.

என் பூட்ஸை யாருக்கும் கொடுத்துவிடாதே. வேலை வந்துவிட்டது.

தங்கை

மே 16

தங்கைக்கு,

இந்தக் கடிதமும் நானும் ஒரே நாளில் வந்து சேர்ந்தாலும் சேருவோம். இருந்தாலும் இதை எழுத்தில்தான் சொல்ல வேண்டும்.

இன்று காலை அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். “யார் கூட வர்றீங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு என்னென்னவோ வாயில் வந்தது. எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு, “தனியா” என்றேன்.

ஆகவே ஆகஸ்டில் உன் பக்கத்து இருக்கையில் ஒரு பொம்பளை தனியாக வந்து உட்காருவாள். உனக்கு முன்பின் தெரியாதவள். வாயை மூடிக்கொண்டு இருக்க ரொம்பப் பிரயத்தனப்படுவாள், பாவம். எண்ணிக்கையில் ஒன்பது வந்த பிறகுதான் அவள் வாயைத் திறப்பாள். உனக்கு இஷ்டம் இருந்தால் பேச்சுக் கொடுத்துப் பார்.

முந்திரிக்கொட்டை